மந்தர ஸ்தாயிக் காலைகள்

பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் சுருதி போடும் வேலை எங்களில் யாருக்குக் கிடைக்கிறதோ, அன்றைக்கு அவனுக்குத்தான் பாட்டு நன்றாக வரும் என்று நான் நம்பியிருந்தேன். இன்றும் நம்புகிறேன். துருத்தியை ஒரே சீராக இழுத்து விட்டுக்கொண்டிருக்கும் கைக்கு, காற்றை எப்படி அளந்து செலவழிப்பது என்பது வாய் திறக்கும் முன்பே பிடிபட்டுவிடும்.

பெட்டி மின்சாரத்துக்கு மாறி, பிறகு அதுவும் கைபேசிக்குள் போய்விட்டதில் எனக்கு வருத்தமும் உண்டு, நன்றியும் உண்டு. கையின் பாடம் போயிற்று. ஆனால் சுருதியை அரைக் கட்டை இறக்க ஒரு விரல் போதும் என்றாகிவிட்டது. எங்கள் நாளில் இறக்குவது மானம் போகிற காரியம். மைக் இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டிய எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலை, அவர் 1933இல் 27 வயதில் மறைந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் பெரியவர்கள் எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அதைக் கேட்டுவிட்டு ஆற்றங்கரையில் நின்று, அக்கரைக்குக் கேட்கிறதா என்று மேல் ஷட்ஜத்தைப் பிடித்துப் பார்த்த பையன்களை நினைத்தால் இப்போதும் பிரியம் பொங்குகிறது. 5 கட்டையில் பாடும் ஒரு பெண் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது அவளுடைய குரல் நாண்கள் விநாடிக்கு 392 முறை ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. தொண்டையை இறுக்கிக்கொண்டு அதே இடத்தில் நாள்தோறும் கத்தினால், அத்தனை முறையும் அடி விழுகிறது. அடிபட்ட இடத்தில் நாளடைவில் முடிச்சு விழும்.

வாத்தியாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் விடியற்காலையில் அவர் எங்களை மேலே போக விட்டதே இல்லை. வாயை மூடி ‘ம்’ என்று மந்தர ஸ்தாயியில் நிற்கச் சொல்வார், பிறகு அகாரம், அதற்கும் பிறகுதான் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, அதுவும் முதல் காலத்தில். இன்றைக்குக் குரல் சிகிச்சை நிபுணர்கள் உதட்டைப் படபடக்க விட்டும், மெல்லிய உறிஞ்சு குழாய் வழியாக ஊதியும் குரல் எழுப்பச் சொல்லித் தருகிறார்கள். வாய் பாதி மூடியிருந்தால் உள்ளே தேங்கும் காற்றழுத்தம் நாண்களை மெத்தென்று சேர வைக்கிறது. வாத்தியாரின் ‘ம்’ செய்ததும் அதைத்தான்.

மகரக்கட்டு வந்த வருஷம் மட்டும் அவர் என்னைத் தாளம் போட உட்கார வைத்தார். பையன்களுக்கு அந்த வயதில் நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இறங்கி முடிக்கும்வரை அதை வற்புறுத்தக் கூடாது. “தானா வரும், அவசரப்படாதே,” என்பார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆறுதலை நான் இதுவரை கேட்டதில்லை.

வீட்டிலோ பாட்டியின் ராஜ்ஜியம். சித்தரத்தை, அதிமதுரம், மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய்க்குப் போய்விடுகிறது என்று பின்னாளில் தெரிந்துகொண்டபோதும் அந்தப் பாலின் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. எரிகிற தொண்டையை அது ஆற்றத்தான் செய்தது. அதோடு, போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்க வைத்தாளே, அது நேராக நாண்கள் வரை போகிறது. குடிக்கும் தண்ணீர் உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே சேரும் என்பதால், பாடுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே குடித்துவர வேண்டும். குரல் கட்டினால் கிசுகிசுப்பதும், அடிக்கடி செருமுவதும் ஓய்வாகாது, அவையும் நாண்களை வருத்துபவைதான். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். 1854இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் வெயிலையும் வைத்துத் தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். இன்று மருத்துவர் கேமராவை உள்ளே விட்டு அதைத் திரையிலேயே காட்டிவிடுகிறார்.

இத்தனை தெரிந்த இந்தக் காலத்தில் பாடுவதற்குச் சந்தர்ப்பம்தான் குறைந்துவிட்டது. நலங்கு, ஊஞ்சல், மார்கழி பஜனை, கொலுவுக்கு வந்தவர்களை ஒரு பாட்டாவது பாடாமல் விடாத மாமிகள்: மேடையே ஏறாத எத்தனையோ குரல்கள் அந்தச் சந்தர்ப்பங்களால்தான் அறுபது, எழுபது வயதிலும் பழக்கம் விடாமல் இருந்தன. இப்போது அடுக்ககத்தில் விடிகாலை அகாரம் பிடித்தால் பக்கத்து வீட்டுக்குத் தூக்கம் கெடும் என்று, நல்ல குரலுள்ள பெண்கள்கூடக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கரோக்கேயோடு தனியாகப் பாடி, தனியாகவே கேட்டுக்கொள்கிறார்கள்.

வருகிற நவராத்திரிக்கு நான் போகிற வீட்டிலெல்லாம் ஒரு பாட்டுக் கேட்கப்போகிறேன். எந்தக் கட்டை சௌகரியமோ அதில் பாடட்டும். இறக்கிக் கொடுக்கத்தான் கைபேசி இருக்கிறதே.