ஏணிக்கு ஒன்றும் ஆகவில்லை

கப்பலின் சரக்கறைக்குள் இறங்கும் தொழிலாளி விழுந்தால், விசாரணையில் முதலில் விடுதலையாவது ஏணிதான். படியில் எண்ணெய் இருந்ததா, நிலக்கரித் தூள் படிந்திருந்ததா, சரக்கு அள்ளும் இரும்புக் கவ்வி இடித்துப் படி வளைந்திருந்ததா, உள்ளே விளக்கு எரிந்ததா என்பதெல்லாம் உபரிக் கேள்விகள். மூலக் கேள்வி ஒன்றுதான்: நீ ஏன்யா பார்த்து இறங்கவில்லை? செங்குத்து ஏணியில் இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கையால் டார்ச் அடித்தபடி இறங்கியிருக்க வேண்டும். இரண்டே கையோடு வேலைக்கு வந்தது அவன் குற்றம். 'கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடுங்கள், கப்பல் கிளம்ப நேரமாகிறது.

இந்த விஷயத்தில் நமக்கு உலகப் புகழே உண்டு. 1972 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் 'ஜலராஜன்' என்ற கப்பல் நின்றது. நம்முடைய சிந்தியா கம்பெனியின் கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனிகளை எதிர்த்து 1919-இல் சுதேசிக் கொடியோடு கடலில் இறங்கிய அதே சிந்தியா. கப்பலில் சுமை இறக்கும் விஞ்ச் இரண்டு நாளாகவே கோளாறு. யாரும் நிறுத்தவில்லை. கோதுமை மூட்டைகள் சரிந்து, சரக்கறையில் இருந்த தொழிலாளி மேல் விழுந்தன. அவர் வழக்குப் போட்டார். ஏற்றுகிற வேலையைத்தான் குத்தகைக்கு விட்டாயிற்றே, எங்களுக்கென்ன என்றது கம்பெனி. தன் கருவி பழுது என்பதும், குத்தகைக்காரர் அதை வைத்தே வேலை வாங்குகிறார் என்பதும் தெரிந்திருந்தால் கப்பல்காரர் கைகட்டி நிற்க முடியாது, விசாரணை நடக்கட்டும் என்று 1981-இல் சொன்னது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அங்கே கப்பல்காரரின் பொறுப்புகளுக்கு இன்றும் 'சிந்தியா கடமைகள்' என்றுதான் பெயர். சுதேசிக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா! கடமையை மொத்தமாக ஏற்றுமதி செய்துவிட்டோம். உள்ளூர்ச் செலவுக்குக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாம்.

இங்கே சட்டம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1934-லேயே டாக் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். அது அலமாரியிலிருந்து இறங்கி நடைமுறைக்கு வந்தது 1948-இல். சட்டத்துக்குக் கவனம் அதிகம், ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கும். 1986-இல் புதுச் சட்டம், 1990-இல் அதற்கு விதிகள். அதையும் விழுங்கிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், மிதவைக் கப்பலின் தொட்டிக்குள் இறங்கிய மூன்று பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். பழைய சட்டம் இருந்தது, புதுச் சட்டம் வந்துகொண்டிருந்தது, தொட்டிக்குள் காற்றுதான் இல்லை.

ஆரணிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். எங்களுக்குக் கடல் கிடையாது. கமண்டல நாகநதி உண்டு, அதில் தண்ணீர் வந்தால் அன்றைக்கு அதுதான் செய்தி. ஆனால் ஏறி விழ எங்களுக்கும் இடம் இருக்கிறது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அட்டை சிக்கினாலோ கயிறு அறுந்தாலோ ஸ்டூல் போட்டு, ஏணி சாத்தி, அதுவும் இல்லையென்றால் தறிச் சட்டத்திலேயே கால் வைத்து ஏற வேண்டும். கீழே குழித்தறியின் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருக்கும். துறைமுகத்தில் விழுந்தால் அதற்கு விபத்து என்றாவது பெயர். எங்கள் ஆள் விழுந்தால் வீட்டில் விழுந்தார், அவ்வளவுதான்.

புதுத் தொகுப்பின் கண்ணுக்கு ஓர் இடம் தெரிய 10 பேராவது வேலை செய்ய வேண்டும். தொழிற்சாலை என்ற பட்டம் வேண்டுமானால் மின்சாரத்தோடு 20, மின்சாரம் இல்லாமல் 40. முன்பு அது 10, 20 என்றிருந்தது. அரசு தொழிலாளி விஷயத்தில் எதையும் இரட்டிப்பாக்கவில்லை என்று இனி யாரும் குறை சொல்லக் கூடாது. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் வீட்டுக்கு ஒன்றிரண்டு தறி. புருஷன், பெண்டாட்டி, தார் சுற்றும் கிழவி. ஆக மூன்று பேர். ஜக்கார்டில் ஏறுமுன் அக்கம்பக்கத்தில் ஏழு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வது உத்தமம். பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, புடவையும் அவருடையது. உடைந்த முதுகு மட்டும் நெசவாளியின் சுயார்ஜிதம்.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தோடு ஒரு பட்டியல் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அதைப் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறது. ஜவுளிக்கடை விலைச்சீட்டு கெட்டது போங்கள்: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நஷ்டம், ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, கால் பெருவிரலுக்கும் அதே 14. துண்டாகி விழுந்த உறுப்புக்குத்தான் அங்கே பெரும்பாலும் மரியாதை. கப்பல் ஏணியிலிருந்து விழுந்தவனின் முதுகெலும்பு பாழாய்ப் போனாலும் உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால் பட்டியலில் இல்லை. அது எத்தனை சதவீதம் என்று டாக்டர் சொல்ல வேண்டும், அதை முதலாளியின் வக்கீல் மறுக்க வேண்டும், வாய்தா போக வேண்டும். அதற்கும் முன்னால், அவன் அந்தக் கப்பலில் வேலை பார்த்தான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். குத்தகைக்காரரின் கீழ்க் குத்தகைக்காரரோ, "அப்படி யாரும் நம்மகிட்ட இல்லையே சார்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கணக்கை முடித்துவிடுகிறார்.

நெசவாளிக்கு அந்தக் கவலை இல்லை. அவரை யாரும் மறுப்பதில்லை. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க முதலாளியின் ஆளே வீடு தேடி வருவார், பாவு பாதியில் நிற்கிறதே, புடவை எப்போது இறங்கும் என்று கேட்பார். கையில் முன்பணக் கணக்கு நோட்டும் இருக்கும். அதில் பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கும்.