காலடிச் சேறு

ஆயா எனக்கு இறால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது எண்ணூரில், இடுப்பளவுத் தண்ணீரில். “கண்ண தண்ணியில வெக்காதடா கண்ணு, காலுல வையி” என்பாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது கொசஸ்தலை ஆறு. எங்கள் குப்பத்துக்கு வெறும் ஆறு. பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, அடிச்சேற்றைக் காலால் துழாவியபடி மெல்ல நகர வேண்டும். கறுத்த சேறு, வெண்ணெய்போல வழுக்கும். கணுக்கால்வரை உள்ளே வாங்கிக்கொள்ளும். கல்போல் தட்டுப்பட்டால் மட்டி. விரலிடுக்கில் வெடுக்கென்று துள்ளினால் இறால். குனிந்து இரண்டு கையாலும் அமுக்கிவிட வேண்டும்.

தலையை நிமிர்த்தினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நிலையம் அது. பள்ளியில் படம் வரையச் சொன்னால் நாங்கள் எல்லோரும் புகைபோக்கிதான் வரைவோம். யார் புகை பெரிசு என்று போட்டி நடக்கும். “மெட்ராஸ் பூரா நம்ம ஊரு வெளிச்சம்தான்” என்று நைனா சொல்லும்போது குரலில் அவ்வளவு பெருமை இருக்கும். எங்கள் வீட்டில் அப்போது சிமினி விளக்கு. அதை நாங்கள் ஒரு குறையாக நினைக்கவே இல்லை. கரண்டு நமக்கும் வரும் என்று நம்பினோம், வந்தது.

அந்த நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். அதற்குள் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அதைவிடப் பெரிய நிலையங்கள் எழுந்துவிட்டன. நம் நாட்டு நிலக்கரியை நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்குத் தள்ளுகிறார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் அந்தக் குழம்பு நேராக ஆற்றில் இறங்குகிறது. இயந்திரத்தைக் குளிர்வித்த சுடுநீரும் இந்தக் கழிமுகத்துக்குத்தான் வருகிறது. சூடு பொறுக்காத மீன் ஒதுங்கிப் போகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் பிளாஸ்டிக் வாளியால் அதை மொண்டு மொண்டு எடுத்தார்கள். முழங்கைவரை தார் பூசியதுபோல் இருந்தது. நான் போன அன்று படகடியில் ஒரு கூழைக்கடா ஒண்டியிருந்தது. வெள்ளைப் பறவை, காப்பிக்கொட்டை நிறத்தில். அலகால் சிறகைக் கோதிக்கொண்டே இருந்தது. கோதக் கோத எண்ணெய் அதன் வாய்க்குள் போனது. இறக்கையை விரிக்கப் பார்த்தது, பாதிக்குமேல் விரியவில்லை. அருகே போனபோதுகூட அது விலகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நகரத்து அடுக்குமாடியில் இருக்கிறேன். மே மாதத்தில் ஏ.சி. இல்லாமல் என் பேத்தி தூங்கமாட்டாள். ஆனால் ஓட்டைக் குழாயை மாற்றுவதும், ஆற்றில் படிந்த சாம்பலை அள்ளுவதும் மின்சாரச் செலவில் சேர்த்திதானே? அந்தக் கணக்கைத் தீர்க்காமல் அதே கழிமுகத்தின் கரையில் இன்னொரு கொதிகலனை ஏற்றுவது அநியாயம். இதை நான் யாரிடமும் உரக்கவே சொல்வேன்.

போன தை மாதம் அக்கா மகன் என்னைப் படகில் கூட்டிப்போனான். ஆயா நிறுத்திய இடத்தில் இறங்கினேன். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. காலை அழுத்தினேன், உள்ளே போகவில்லை. மேலே மாவுபோல் ஒரு படலம், அதன் கீழே சிமெண்ட் பூசிய தரை மாதிரி இறுக்கம். கால் எடுத்தபோது விரல்களில் சாம்பல் அப்பியிருந்தது; கரை சேர்வதற்குள் அரிப்பு எடுத்தது.

“இங்க ஒண்ணும் இல்ல மாமா, வாங்க” என்று அலையாத்தி மரங்கள் பக்கம் படகைத் திருப்பினான். வேர்கள் நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் மறுபடி இறங்கினேன். கணுக்கால்வரை உள்வாங்கியது. பழைய சேற்றின் வாடை. நாலடி வைத்திருப்பேன், கட்டைவிரலுக்குக் கீழே வெடுக்கென்று ஒரு துள்ளல். ஐம்பது வருஷமாயிற்று, குனிய வேண்டும் என்பதே தோன்றாமல் நின்றுவிட்டேன்.

“ஓடிப்போச்சா? கால எடுக்காதீங்க மாமா,” என்றான் அவன். “பக்கத்துலயே இன்னொண்ணு கெடக்கும்.”