சிவப்பு சிலிண்டரும் சீனச் சமையலும்

பத்தே நிமிடத்தில் கடை ஃபிரைடு ரைஸ் என்று அடித்துச் சொல்லும் சமையல் வீடியோக்களில் அந்தப் பத்து நிமிடத்தை மன்னித்துவிடலாம். காய்களை யாரோ ஒரு புண்ணியவதி முன்பே நறுக்கிக் கிண்ணம் கிண்ணமாக வைத்திருக்கிறார். மன்னிக்க முடியாதது ‘கடையில செய்யற மாதிரியே’ என்ற வாக்குறுதி. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து ஃபாஸ்ட் புட் வண்டிகளில் மாஸ்டரின் கைவண்ணம் பாதிதான். மீதிப் பாதி அவர் காலடியில் இருக்கும் 19 கிலோ சிலிண்டர். வாயு அழுத்தமாகப் பாய்கிறது, அடுப்பு இரைகிறது, தீ கடாயின் விளிம்பைத் தாண்டி ஏறுகிறது. முட்டைக்கோஸ் விடும் தண்ணீர் விட்ட கணமே ஆவியாகிவிட, சோறு லேசாகக் கருகி அந்த வாசனையை வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்கு வருவதோ 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர். அதன் ரெகுலேட்டர் சாம்பார் கொதிக்கப் போதுமான அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்துத்தான் அனுப்பும். கோஸ் தண்ணீர் விடும், இறால் தன் பங்குக்கு விடும், அடுப்பின் சூடெல்லாம் அதை வற்றவைப்பதிலேயே தீர்ந்துபோகும். கடைசியில் தட்டுக்கு வருவது சோயா சாஸ் ஊற்றிய காய்கறிப் பொங்கல். இத்தனைக்கும் எண்ணூர்த் துறைமுகத்தில் 2019 முதல் கப்பலில் திரவ இயற்கை எரிவாயு வந்து இறங்குகிறது! அது குழாய் வழியே மணலி ஆலைகளுக்குப் போகிறது; நம் வீட்டுக் கடாய்வரை இன்னும் வரவில்லை.

பழைய சோறாக இருந்தால் உதிரியாக வருமே என்பார்கள். வரும். ஃபிரிட்ஜில் ஓர் இரவு கிடந்த சோற்றின் மாவுச்சத்து இறுகிவிடுவதால் பருக்கைகள் ஒட்டாது. ஆனால் உதிரியான சோற்றுக்கு நம் வீட்டில் லெமன் சாதம் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அஜினமோட்டோ நாக்கை ஏமாற்றலாம், தீயை எங்கிருந்து கொண்டுவரும்? ஒவ்வொரு தட்டாகச் செய்து பாருங்கள் என்பதுதான் நியாயமான யோசனை. கொஞ்சமாகப் போட்டால் கடாய் சூடு இறங்காது. ஐந்து பேர் குடும்பத்தில் ஐந்தாவது தட்டு இறங்கும்போது முதல் தட்டுக்காரர் மறுபடி பசியோடு வந்து நிற்பார். இரும்புக் கடாயைப் புகைய விட்டுத்தான் பாருங்களேன் என்பவர் எண்ணூர்க்காரராக இருக்க முடியாது. அனல்மின் நிலையம் ஊர்ப்பக்கம் இருந்தால் போதும், சமையலறைக்குள்ளும் வேண்டாம்.

ஆகவே இந்தச் சிவப்பு சிலிண்டருக்குப் பொருத்தமான சைனீஸ் எது என்று தேடினால், பதில் எண்ணூர் பர்மா நகரின் பெயரிலேயே கிடைக்கிறது: அத்தோ. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகண்ணிகள் அரசுடைமையானபோது, கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. அதைக் கடாயில் புரட்டத் தேவையில்லை. அவித்து ஆறிய நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய கோஸ், எண்ணெயில் சிவந்த வெங்காயமும் பூண்டும், இடித்த மிளகாய், உப்பு, புளித்தண்ணீர். மேலே தட்டை மாதிரியான மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைய வேண்டியதுதான். பக்கத்தில் ஒரு குவளை வாழைத்தண்டு சூப். இங்கே கோஸ் பச்சை. தண்ணீர் விட்டால் விடட்டும், புளித்தண்ணீரோடு சேர்ந்துவிடும். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே அதே வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணீரைச் சொட்டவிட்டு, முழுசாக வாய்க்குள் தள்ளும் முட்டை பேஜோவுக்கும் பெரிய தீ வேண்டாம். பெரிய வாய் இருந்தால் சரி.

இது பர்மாச் சாப்பாடு, சைனீஸ் எப்படி ஆகும் என்று இலக்கணம் பேசுபவர்கள் மஞ்சூரியனின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கட்டும். கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியா சமையலறையில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றிச் செய்தது என்பதுதான் அதன் பிறப்புக் கதை. மஞ்சூரியா பக்கமே அது போனதில்லை. அதற்குச் சீனக் குடியுரிமை கொடுத்தவர்கள், சீனாவோடு எல்லையைப் பகிரும் நாட்டிலிருந்து வந்த நூடுல்ஸிடம் பாஸ்போர்ட் கேட்பது அநியாயம்.

சாஸ் இல்லாமல் பிள்ளைகள் தொடமாட்டார்களே என்பது ஒன்றுதான் கனமான ஆட்சேபம். அதற்கும் வழி இருக்கிறது. பார்சலோடு வந்த தக்காளி சாஸ், சில்லி சாஸ் பாக்கெட்டுகள் எந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒரு தலைமுறைக்குக் காணும்.