ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய இயலாமை குறித்து

மேன்மை தங்கிய ஹவுஸ் ஓனர் சார் அவர்களுக்கு, தங்கள் வேளச்சேரி வீட்டில் நான்கு போர்ஷன்களிலும் குடியிருக்கும் நாங்கள் ஒன்றுசேர்ந்து எழுதிக்கொள்வது.

புதன்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குத் தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு கிடைத்தது. "ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்று சொல்லி, கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்றையும் அனுப்பியிருந்தீர்கள். அவ்வளவு மரியாதையாக எங்களை இதுவரை யாரும் தெருவில் நிறுத்தியதில்லை.

காரணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம். மாடி போர்ஷனிடம், மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறப் போவதாகச் சொன்னீர்கள். பின் போர்ஷனிடம், வீட்டையே இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னீர்கள். முன் போர்ஷனிடம், மகளுக்குக் கல்யாணம், சொந்தக்காரர்கள் தங்க இடம் வேண்டும் என்றீர்கள். இடிக்கிற வீட்டில் கல்யாணம் நடத்தி, இடிபாட்டுக்கு மேலே மகனைக் குடிவைக்கும் வித்தை தங்களுக்குக் கைவரட்டும். நாலாவது போர்ஷனுக்குப் புரோக்கர்தான் உண்மையைச் சொன்னார்: ஐ.டி. கம்பெனிப் பையன்களைத் தலைக்கு இவ்வளவு என்று அடைத்தால் வாடகை இரண்டு மடங்கு வரும். நான்கில் நாங்கள் நம்பிய காரணம் அது ஒன்றுதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 106-ஆம் பிரிவு. வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் இருக்க வேண்டும் என்கிறது. விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளைக்காரன், அடிமை தேசத்துக் குடித்தனக்காரனுக்கு 15 நாள் கொடுத்தான். சுதந்திர இந்தியாவின் வேளச்சேரியில் தாங்கள் கொடுத்திருப்பது மூன்றரை நாள். அதிலும் ஒரு நாள் அமாவாசை, சாமான் ஏற்ற ஆள் வராது.

தாங்கள் பயப்பட வேண்டாம். நம் நாடாளுமன்றம் தங்களைக் கைவிடவில்லை. 2002-இல் அதே பிரிவைத் திருத்தினார்கள். நோட்டீஸில் குறித்த நாள் குறைவாக இருந்தாலும், 15 நாள் கழிந்த பிறகு வழக்குப் போட்டால், அந்தக் குறையை மட்டும் காட்டி நோட்டீஸ் செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது. வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டினால் மட்டும் தாங்கள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பீர்கள். எங்கள் தாமதத்தை மன்னிக்க இன்னும் திருத்தம் வரவில்லை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, தமிழ்நாடு அரசு 2017-இல் புதிதாக ஒன்றை இயற்றி, 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓனர், குடித்தனக்காரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதாக அதன் பெயரே சொல்கிறது. உரிமை யாருக்கு, பொறுப்பு யாருக்கு என்பதை நாங்கள் அனுபவத்தில் புரிந்துகொண்டோம். அதன்படி அக்ரிமென்ட் எழுத வேண்டும், அதைப் பதிய வேண்டும். நாங்கள் கேட்டோம். "நமக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்? உங்கள என் சொந்தப் புள்ளைங்க மாதிரில்ல நெனச்சிருக்கேன்" என்றீர்கள். வாடகை வருமானம் வருமான வரிக்காரர் கண்ணில் படக்கூடாது என்பதைத் தாய்ப்பாசமாகச் சொல்லத் தெரிந்தவர் தாங்கள். இப்போது தங்கள் வக்கீல் சொல்கிறார்: அக்ரிமென்ட் போடத் தவறியதே அந்தச் சட்டப்படி காலி செய்யவைக்க ஒரு காரணமாம். படித்துப் பார்த்தோம், உண்மைதான். இருவரும் போடத் தவறினால் என்று இருக்கிறதே தவிர, பேனாவை எடுக்க மறுத்தது யார் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய. தாங்கள் வாங்கியது பத்து மாதம். "நமக்குத்தான் ஒப்பந்தமே இல்லையே, அப்போ மூணுக்கு மேல வாங்கினது எல்லாமே தப்புதானே?" என்று மாடி போர்ஷன் தம்பி கேட்கிறான். கல்யாணம் ஆகாத பையன், உலகம் தெரியாதவன்.

அந்த அட்வான்ஸ் இருக்கிறவரை தங்களுக்கு நோட்டீஸே தேவையில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பணயக்கைதியைப் பிடித்து வைத்திருப்பவன் யாருக்கும் அவகாசம் கொடுப்பதில்லை. சண்டை போட்டால் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிபடும். ஆணி அடித்த ஓட்டைக்குத் தனி, குழாய்க்குத் தனி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் கீழ் போர்ஷன்களில் இடுப்பளவு நின்றபோது சுவரில் விழுந்த கறைக்கும் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரை நாங்கள்தான் பக்கெட்டில் கொண்டுவந்து ஊற்றினோம் போலிருக்கிறது.

எங்களைக் கொதிக்க வைத்தது வேறு ஒன்று. "பதினஞ்சு நாள் என்ன, மனசு வச்சா மூணு நாள்ல வீடு கிடைக்கும்" என்றீர்களே, அது. கிடைக்கும், தங்களைப் போன்றவர்களுக்கு. டூ-லெட் போர்டைப் பார்த்து வாசலில் நின்றால் முதல் கேள்வி "வெஜ்ஜா?" அடுத்தது "சொந்த ஊர் எது?" அதற்குப் பதில் போதாவிட்டால் "இல்ல, அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்று கதவு சாத்தப்படும். பின் போர்ஷன் பாய் குடும்பம் தங்கள் வாசலுக்கு வருவதற்குள் எத்தனை வாசல் ஏறி இறங்கியது என்று அந்த அக்காவைக் கேளுங்கள். அவர்களிடம் மட்டும் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு தாங்கள் மதநல்லிணக்கம் பேணியதும் எங்களுக்குத் தெரியும். அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லி, அங்கெல்லாம் சாதி, மதம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. சட்டம் எல்லோருக்கும் ஒரே 15 நாளைக் கொடுக்கிறது. ஊர் சிலரிடமிருந்து அதில் பதினாலைப் பிடுங்கிக்கொள்கிறது. இதில் நாலு நாளில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்று தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை குறித்தீர்களா?

2020 மார்ச் 29 அன்று, தொழிலாளிகளையும் மாணவர்களையும் வீட்டைவிட்டு விரட்டுகிற ஓனர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. குடியிருப்பவனும் மனிதன்தான் என்று அரசு தங்களுக்கு ஞாபகப்படுத்த ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டது. அடுத்ததற்காக எங்களால் காத்திருக்க முடியாது.

ஆகவே எங்கள் பதிலைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலி செய்ய மாட்டோம். ஒன்றாம் தேதி வாடகை வங்கிக் கணக்குக்கு வரும். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டுவோம். அதற்கு அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. மோட்டார் சுவிட்சைப் பூட்டி வைக்கும் யோசனை இருந்தால், தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது என்று அதே சட்டம் சொல்வதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "வீட்டைப் பாக்க ஆள் வந்திருக்காங்க" என்று குளிக்கிற நேரத்தில் கதவைத் தட்ட வேண்டாம். 24 மணி நேரம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெரிந்த இன்ஸ்பெக்டரை அனுப்பவும் வேண்டாம். எங்களைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் உண்டு, ஸ்டேஷனுக்கு இல்லை.

எழுத்தில், கையெழுத்தோடு, முழு அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுங்கள். வீடு தேடத் தொடங்குகிறோம். பத்து மாத அட்வான்ஸும் பிடித்தமில்லாமல் கைக்கு வந்த அன்று நான்கு சாவிகளையும் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் சொந்தப் பிள்ளைகள் மாதிரியான நான்கு போர்ஷன்காரர்கள்