அடிபுதையரணம்: நாவிதன்வெளிச் சேற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

காலில் போடுவதற்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. செருப்பு, மிதியடி, தொடுதோல், பாதரட்சை. போர்த்துக்கீசர் விட்டுப்போன சப்பாத்து. கம்பெனியின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்ட பாட்டா. இவற்றுள் காலை முழுதாக மூடும் உயரச் சப்பாத்துக்கு அகராதி தரும் பழைய சொல் அடிபுதையரணம். அடியைப் பொதிந்து காக்கும் அரண் என்று அறிஞர் பொருள் சொல்வர். அவர்கள் மார்கழியில் நாவிதன்வெளிப் பக்கம் வந்ததில்லை. இங்கே அடி புதையும், அரணும் புதையும், பிறகு அடி மட்டும் வெளியே வரும். சொல்லை இந்த வரிசையில் பிரித்தே பொருள்கொள்ள வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுக்களத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்முனையிலிருந்து மேற்கே போய்க் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம். 'வெளி' என்றால் வயல்வெளி. சொறிக்கல்முனை, அன்னமலை, வேப்பையடி, சவளக்கடை என்று பெயருள்ள ஊர்களும், 7ஆம் கிராமம், 15ஆம் கிராமம் என்று எண்ணோடு நின்றுவிட்ட ஊர்களும் இதற்குள் உண்டு. எண்கள் கல்லோயாத் திட்டம் தந்தவை. 1949இல் அதற்கென ஒரு சபை அமைத்து, இங்கினியாகலையில் அணை கட்டி, காட்டை வெட்டி வயலாக்கினார்கள். பெரும்போக மழை இறங்கினால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். அப்போது கல்முனைக்கு வந்து போகிறவர்களைப் பாருங்கள்: சாரன் தொடைக்கு மேலே, பை தலையில், பாட்டா இரண்டும் கையில். ஐப்பசி முதல் தை வரை இப்பகுதியில் பாதணி அதிக தூரம் பயணம் செய்வது கையிலும் கக்கத்திலும்தான். ஆகவே காலணி என்ற சொல் இங்கே எட்டு மாதத்துக்கே செல்லும். மீதி நான்கு மாதம் அது கையணி.

இனி வரலாறு. சேற்றுச் சப்பாத்துக்கு ஆங்கிலேயர் வெலிங்டன் என்று ஒரு பிரபுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன். ஹோபி என்ற லண்டன் சப்பாத்துக்காரரிடம் சொல்லித் தனக்கேற்ற மாதிரி தைப்பித்துக்கொண்டார். அது வெறும் தோல். நம்மவர் கவனிக்காத சங்கதி வேறு. பிரபுவாவதற்கு முன் இவர் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். அடுத்த ஆண்டின் கடைசியில் படைகளோடு திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார். கவனியுங்கள்: கிழக்கிலங்கை, மாரிகாலம், பின்னாளில் சேற்றுச் சப்பாத்துக்குப் பெயர் கொடுக்கப்போகும் மனிதர். இவ்வளவு பொருத்தம் கூடிவந்தும் 1801 தொடக்கத்தில் அவர் கப்பலேறிவிட்டார். தெற்கே நம் பக்கம் வந்து ஒரு வரம்பில் இறங்கியிருந்தால் தன் பெயரைத் தொப்பிக்குக் கொடுத்திருப்பார்.

தோல் இறப்பரானது பிறகு. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கச் செய்தார். 1853இல் ஹைரம் ஹட்சின்சன் அந்த வித்தையைப் பிரான்சுக்குக் கொண்டுபோய், மரக்கட்டைச் செருப்போடு வயலில் நின்ற குடியானவர்களுக்கு இறப்பர் பூட்ஸ் விற்றார். முதலாம் உலகப்போரில் அகழிகளில் நின்ற படையினரின் கால்கள் அழுகத் தொடங்கியபோது, ஸ்கொட்லாந்து ஆலை ஒன்று 1,185,036 சோடி செய்து கொடுத்ததாகக் கணக்கு. எங்கள் வயல் முதலாளியான போடியாரின் கணக்குப்பிள்ளையானால் அந்தக் கடைசி 36ஐத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்.

இறப்பருக்கும் நெல்லுக்கும் இலங்கையில் இருக்கும் சம்பந்தம் இதைவிட நெருக்கமானது. 1876இல் பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. 1952இல் சீனாவோடு இறப்பர் - அரிசி ஒப்பந்தம் ஆனது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். அந்த நேரத்தில்தான் கல்லோயாக் கொலனிகளில் நெல் விதைக்க ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் இறப்பரைக் கப்பலேற்றி அரிசி வாங்கிய காலத்தில், அரிசி விளைவிக்க இறங்கியவன் வெறுங்காலோடு இறங்கினான். இதைப் பொருளியலார் எழுதவில்லை. நான் எழுதிவைக்கிறேன்.

பரிசோதனைக்கு வருவோம். அன்னமலையில் எனக்கொரு நண்பர். கனடாவிலிருக்கும் அவருடைய மருமகன் அனுப்பிய பெட்டியில், சொக்லட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, மாமனாரின் வயல் வேலைக்கென்று ஒரு சோடி பூட்ஸ் இருந்தது. மாமனார் அதைக் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வெளியே முழங்கால் வரை கறுப்பு இறப்பர். உள்ளே குளிர் தாங்குவதற்கென்று நியோப்பிரீன் மெத்தை. மைனஸ் 40 பாகை வரை தாங்கும் என்று ஒரு சீட்டுத் தொங்கியது. எங்கள் பக்கத்தில் மார்கழி விடியலில் 22, 23 பாகைக்கு இறங்கினாலே காதைச் சுற்றித் துவாய் கட்டிவிடுவார்கள். மீதி அறுபது பாகைக் குளிரை எங்கே தேடுவது என்ற கவலையோடு இரவல் வாங்கினேன். கடைத் தராசில் சோடி இரண்டரைக் கிலோ நின்றது.

வயல் வட்டைக்குள் என்னைக் கண்ட, வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரர் முதலில் ஒன்றும் பேசவில்லை. சுற்றிவந்து பார்த்தார். "என்ன தம்பி, காலுக்கு வீடு கட்டியிரிக்கீங்க. வாசல் மேலதானே இரிக்கி. மழ வந்தா என்ன செய்யிற?"

இதுவரை இத்துறையில் எழுப்பப்பட்ட கேள்விகளுள் இதுவே தலையாயது. பூட்ஸைக் கண்டுபிடித்தவர்கள் தண்ணீர் கீழிருந்து வரும் நாட்டவர். நமக்கோ வானத்திலிருந்தும் வரும், வரம்பில் வெட்டிய வக்கடையாலும் வரும், கால் வைத்த இடத்தில் குழி இருந்தால் மேல்விளிம்பாலும் வரும். வெளித்தண்ணீரை உள்ளே விடாத பொருள் உள்தண்ணீரையும் வெளியே விடாது. அரைமணி நேரத்தில் ஒரு பூட்ஸுக்குள்ளிருந்து ஊற்றியதை அளந்தேன்: போத்தல் நிரம்பி வழிந்தது. ஊற்றும்வரை நியோப்பிரீன் சும்மா இருக்கவில்லை. தண்ணீரைச் சூடாக வைத்திருந்தது. குழலில் ஏற்றிய புட்டுமாவு என்ன பாடுபடும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அடுத்தது சுரி. உழுத சேறு வேறு, தெருச் சகதி வேறு. முழங்காலை விழுங்கும் ஆழச் சேற்றையே எங்கள் பக்கம் சுரி என்பது. பழைய நூல்களில் அளறு என்ற சொல்லுக்குச் சேறு, நரகம் என இரண்டு பொருளும் உண்டு. பூட்ஸோடு இறங்கிய யாரோதான் அந்த இரண்டாம் பொருளைச் சேர்த்திருக்க வேண்டும். காலைத் தூக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகும். காற்றுப் போக வழியில்லை. சேறு பிடித்து இழுக்கும். வெறுங்கால் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. குதியைச் சற்றே திருப்பி விரல்களை ஒடுக்கினால் இடுக்கால் காற்றும் நீரும் நுழைந்து பிடி விட்டுவிடும். எருமைக்கும் அதே வித்தைதான்: பிளவுக் குளம்பு அழுத்தும்போது விரிகிறது, தூக்கும்போது ஒடுங்குகிறது. பூட்ஸுக்கு விரலுமில்லை, பிளவுமில்லை. மூன்றாவது வரம்பைத் தாண்டி இறங்கியதும் என் இடதுகால் வந்தது. இடது பூட்ஸ் வரவில்லை.

லுஹர்த் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. பள்ளிவாசலில் அறிந்த மௌலவி ஒருவரிடம் கேட்டேன். வுழூ செய்துவிட்டு அணிந்த காலுறையைக் கழற்றாமல், ஈரக்கையால் அதன்மேல் தடவிக்கொள்ளும் 'மஸ்ஹு' என்ற சலுகை மார்க்கத்தில் உண்டு. ஊரிலிருப்பவருக்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள். கணுக்காலை மூட வேண்டும், தண்ணீர் புகக்கூடாது, போட்டுக்கொண்டு நடக்கத் தாங்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். கம்பூட்ஸ் மூன்றிலும் தேறுகிறதே என்றேன். அவர் என் கால்களைப் பார்த்தார். ஒன்று கறுப்பு, ஒன்று மண்நிறம். "காலுல கெடந்தாத்தானே மஸ்ஹு. சேத்துக்க கெடந்தா அது சேத்துட காலுறை. கழுவிட்டு வாங்க." கால் வெளிப்பட்டால் சலுகை முடிந்துவிடும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஈரமாக இருந்தவன் நான்.

இவ்வளவு சிரித்தாலும் ஒரு விசயத்தில் நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கட்சி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்றால், காலிலுள்ள சிறு கீறலே எலிக்காய்ச்சல் கிருமிக்குப் போதும். 2008இல் இந்த நாட்டில் 7,000 பேருக்கு மேல் அந்தக் காய்ச்சலென்று பதிவானார்கள். பலர் வயலில் நின்றவர்கள். வாரத்துக்கொருமுறை டொக்சிசைக்ளின் குளிசை கொடுக்கிறார்கள், பூட்ஸ் போடச் சொல்கிறார்கள். விவசாயி குளிசையை வாங்கிக்கொள்கிறான்; பூட்ஸுக்குத் தலையாட்டிவிட்டு வெறுங்காலோடு இறங்குகிறான். சேற்றுப்புண் வந்தால் மருதோன்றி அரைத்துப் பூசிக்கொள்ளலாம். எலிக்காய்ச்சல் மருதோன்றிக்கு அடங்காது. இருந்தும் அவனை அறியாதவன் என்று எழுதிவிட என்னால் முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தரம் காலைப் பிடுங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

யப்பானியரும் நெல் விதைக்கிறவர்கள்தான். நாற்று நடுவதற்கென்றே அவர்களிடம் ஒருவகை பூட்ஸ் இருக்கிறது: மெல்லிய இறப்பர், கெண்டைக்காலை ஒட்டிப் பிடிக்கும், கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் வாரால் இறுக்கலாம். பெருவிரல் தனியாகப் பிரிந்த எருமைக் குளம்பு மாதிரியும் உண்டு. இறப்பர் அடி வைத்து அப்படிப்பட்ட பாதணியை 1923இல் விற்கத் தொடங்கிய இஷிபாஷி குடும்பத்திலிருந்துதான் 1931இல் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி பிறந்தது. எங்களிடம் இறப்பர் இருக்கிறது, நெல் இருக்கிறது, சுரி வேண்டிய மட்டும் இருக்கிறது. கல்முனைக் கடைத்தெருவில் நான் தேடியதில் கிடைத்ததோ கொங்கிறீட் குழைக்கிறவர்கள் போடும் தொளதொளத்த கறுப்புக் கம்பூட்ஸ் மட்டுமே. பிழை விவசாயியின் காலில் இல்லை, பூட்ஸின் காலில் இருக்கிறது என்பதே என் தீர்ப்பு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அன்னமலை நண்பரிடம் நான் இன்னும் முகம் கொடுக்கவில்லை. சிறுபோகத்துக்கு உழும்போது யாருடைய மெசினிலாவது கறுப்பாக ஏதாவது மாட்டினால், முதலையென்று எண்ணி அடித்துவிட வேண்டாம். 9ஆம் நம்பர், இடதுகால். உள்ளே தவளை குடியிருந்தால் அதை மட்டும் இறக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். வலதுகால் என் வீட்டுத் திண்ணையில் காய்ந்துகொண்டிருக்கிறது.