இரட்டைப் படகில் இல்லறம்: பனமலையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

பாய்மரக் கட்டமரானில் குடித்தனம் நடத்துவோரின் ஆயுட்காலம் ஓடுங் காலம் என்றும் பழுதை ஒட்டுங் காலம் என்றும் இருகூறுபடும் என்பதும், இவற்றுக்கு இடைப்பட்டதாகச் சொல்லப்படும் ஓய்வுக் காலம் வெறும் முயற்கொம்பே என்பதும் இக்கட்டுரையின் சித்தாந்தம். ஓலையில் எழுதிய நம் முன்னோர் மெய்க்குப் புள்ளி இடுவதையும் ஒகர ஓகார பேதம் காட்டுவதையும் பெரும்பாலும் பொருட்படுத்தாதவர்களாதலின், மூல ஏட்டில் இருந்த பாடம் ஓடுதலா ஒட்டுதலா என்று இரு கட்சிகள் கிளம்பி மூன்று தலைமுறைக்கு மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் எழுதிக்கொள்ள இங்கே தாராளமாக இடமுண்டு. மூல ஏடு என ஒன்று இல்லாத காரணத்தால்தான் அந்த விவகாரம் இன்னும் தொடங்காமல் இருக்கிறது.

முதற்கண் இலக்கணம். கட்டமரானாவது, ஒடுங்கிய படகுடல்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, நடுவே தளம் பரப்பி, தளத்தின்மேல் கூடமும் அடுக்களையும் அமைத்து, பாய்மரம் ஒன்றை நாட்டி, வாங்கியவரை மீளாதபடி உள்ளே குடியேற்றிவிடுவது. வில்லியம் பெட்டி என்ற ஆங்கிலேயர் 1662-இல் இத்தகைய ஒன்றைக் கட்டினார். நத்தானியல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கரின் 'அமரில்லிஸ்' 1876-இல் நியூயார்க்குப் பந்தயத்தில் மற்றப் படகுகளைப் பின்தள்ளி ஓடியதன் பலன், தோற்றவர்கள் ஆட்சேபம் எழுப்பி இரட்டை உடல் ஜாதியையே பந்தயத்திலிருந்து பிரஷ்டம் செய்ததுதான். ஜேம்ஸ் வாரம் என்ற மற்றோர் ஆங்கிலேயர், தம் கையாலேயே கட்டிய 'டாங்கரோவா'வில் இரண்டு பெண்மணிகளுடன் 1955-இல் புறப்பட்டு அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் தீவை அடைந்தார். அடைந்தவர் அக்கடாவென்று உட்கார்ந்தாரா? அங்கேயே இன்னொரு படகு கட்டத் தொடங்கினார். நம் சித்தாந்தத்துக்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை.

நம் சோழமண்டலக் கரையார் இந்த உபாதையைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டனர். மரக்காணம் முதலிய பட்டினங்களில் வழங்கிய கட்டுமரம், இலேசான மரத்துண்டுகள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்தது. அதை அவர்கள் 'மரம்' என்றே சொல்வார்கள். தொழிலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் கரையிலே காயவைப்பார்கள்; இல்லாவிட்டால் நீர் ஊறிக் கனத்துப்போகும். ஆகவே ஓடுவதும் அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதும் அன்றாட நியமமாக முடிந்தன. படகு ஒழுகுகிறது என்ற புகாருக்கும் அங்கே இடமில்லை, நீர் இடுக்கு வழியே வருவதும் போவதும் கட்டுமரத்தின் சுபாவமாதலின். அதில் குடியிருக்க முடியாதே என்பார்க்கு விடை: குடியிருக்க வீடு இருப்பதனால்தான் அவர்கள் மாலையில் திரும்பினார்கள்.

விசைப்படகுக்காரர்க்கோ ஒட்டுங் காலத்தை அரசாங்கமே வரையறுத்துத் தந்திருக்கிறது. மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குச் செல்லலாகாது. முன்னாளில் 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். அந்நாட்களில் படகுகள் கரையேறி, பழுது பார்க்கப்பெற்று, வர்ணம் பூசப்பெறும். மீன்களின் தாம்பத்தியத்துக்கென்று ஏற்பட்ட விதி படகுகளின் ஆயுளையும் வளர்க்கிறது என்பதைப் பொருளாதார நிபுணர்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அதற்கு ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள்.

கட்டமரான்வாசியின் ஒட்டுங் காலப் பணிகள் ஒன்பது. பாய் தைத்தல், வெயில் நூலை இற்றுப்போகச் செய்வதனால் வருவது. கயிறு மாற்றுதல், பெயரிலேயே விளங்கும். மழை ஒழுகும் இடம் தேடி அடைத்தல் மூன்றாவது. அடிப்பகுதியில் பற்றும் கொட்டலசைச் சுரண்டி, அது மீண்டும் பற்றாதிருக்கச் செம்பு கலந்த பூச்சுப் பூசுதல் நான்காவது. பூசிய மறுநாளே கொட்டலசு திரும்பி வரப் பிரயத்தனம் செய்யும். எஞ்சின் இரண்டாதலின் பழுது இரண்டு. ஒன்றைக் கழற்றி மற்றொன்றுக்கு உறுப்பாக்கினால் பழுது மூன்று. ஆறாவதாகிய கழிப்பறைப் பம்பு ஒரு தனிச் சாஸ்திரம்: கடல்நீரும் சிறுநீரும் கலந்து குழாயினுள் சுண்ணாம்பாக இறுகி, நாளடைவில் வழி ஊசித்துளை அளவாகச் சுருங்கிவிட, இல்லறத்தின் ஏனைய தர்மங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துக் கணவனும் மனைவியும் யார் கையுறை அணிவது என்ற ஒரே விஷயத்தில் தர்க்கம் செய்யும் கட்டம் வரும். எஞ்சிய மூன்றும் இந்த ஆறையும் சரியாகச் செய்யாததனால் வருவன.

இனி நம் ஆராய்ச்சியின் உயிர்நிலைக்கு வருவோம். செஞ்சிச் சீமையிலுள்ள பனமலை பல்லவர் காலத்தில் ஒரு படகு ஒட்டுந் துறையாக விளங்கியது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவனே பனமலைக் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலையும் எடுப்பித்தான் என்பது அறிஞர் ஒப்பிய செய்தி. ஒரே அரசன் கடலோரத்திலும் கற்குன்றிலும் கோயில் எடுத்தானெனில், அங்கே ஓடினான், இங்கே ஒட்டினான் என்பதன்றி வேறு காரணம் கற்பிக்க வழியில்லை. பக்தியும் ஒரு காரணமாகலாம் என்பார் ஆராய்ச்சி முறை அறியாதவர்.

பனமலையில் கடல் இல்லையே என்பது பூர்வபக்ஷம். மலையடியில் பெரியதோர் ஏரி இருப்பதைக் கவனியாதார் கூற்று அது. பனை நிறைந்த இடத்தில் மரத்துக்குக் குறைவில்லை என்று நாம் சொன்னால், வைரம் பாய்ந்த பனை கனத்ததாயிற்றே, கட்டுமரத்துக்கு இலேசான மரமல்லவா வேண்டும் என்று குறுக்கிடுவார்கள். இது படகைக் கண்ணால் கண்டவர்களின் தடை. படகைக் காணாமலே நான்கு தொகுதி எழுதியவர்கள் இருக்கும் துறையில் இத்தகைய தடைகளுக்கு மதிப்புத் தரும் வழக்கமில்லை.

சித்திரச் சான்று இன்னும் வலியது. அக்கோயிற் சிற்றாலயம் ஒன்றில் இறைவன் ஆடலைக் கண்டு நிற்கும் உமையின் பல்லவ ஓவியம் உலகப் பிரசித்தமானது. தேவியின் தலைக்குமேல் குடை இருக்கிறது. ஒரு கால் மடிந்திருக்கிறது. மேனி ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. குடை என்று பிறர் மயங்கியது பாய் என்பதும், மேனியின் சாய்வு காற்றில் சாய்ந்த தளத்தைக் குறிப்பது என்பதும் எம் துணிபு. இரட்டை உடல் படகு அவ்வளவு சாய்வதில்லையே என்று எம் மாணாக்கருள் ஒருசாரார் பிரிந்து, அது ஒற்றை உடல் மரக்கலமே என்று தனிக்கட்சி கண்டிருக்கின்றனர். குடை குடைதான் என்ற மூன்றாம் கட்சியில் ஓவியம் தெரிந்தவர்கள் மட்டுமே இருப்பதால் அதை விட்டுவிடலாம். அம்பிகை எல்லோரையும் பொறுத்தருள்க.

நூற்சான்றும் உண்டு. ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் அறியப்படாத ஒரு நூலின், கறையானுக்கு இரையாகி இறந்துபட்ட இரண்டாம் இயல் முழுதும் இதுபற்றியதே. அதற்கு எழுந்த உரை கிடைத்திலது. அவ்வுரையை மறுத்தெழுதிய நூலையும் கறையான் அரித்துவிட்டது. ஆயினும் முதலியலைத் தொடாத கறையான் இரண்டாம் இயலைத் தேடிச் சென்று தின்றிருப்பதே அப்பகுதியின் அருமைக்குப் போதிய சான்று. கறையானின் அபிப்பிராயத்தை ஏற்காத திண்ணைப் புலவர் ஒருவர், நூல் அரிக்கப்படவில்லை, ஏரியில் மூழ்கியது என்று சாதித்தார். அங்கேதான் அவர் தவறினார். கடலில் மூழ்கிய நூல்களுக்கும் நாடுகளுக்கும் உள்ள பெரும் பாதுகாப்பு, கடல் கோடையில் வற்றுவதில்லை என்பது. ஏரி வற்றும், வற்றினால் ஊரார் போய்ப் பார்ப்பார்கள், பார்த்தால் வண்டலும் ஊமச்சியும் எருமையுமே இருக்கும். ஆகையால் நூல்களை மூழ்கடிக்க எண்ணும் ஆராய்ச்சியாளர் சற்றுச் சிரமம் பாராமல் சமுத்திரம் வரை செல்வதே க்ஷேமம்.

இக்கட்டுரைக்கு மறுப்பெழுத விரும்பும் அன்பர்கள், கடல்வாசம் செய்யும் படகு ஒன்றில் மேற்சொன்ன கழிப்பறைப் பம்பை முற்றக் கழற்றி, சுண்ணாம்பு நீக்கி, மீண்டும் மாட்டிய பிறகு எழுதத் தொடங்கலாம். மாட்டியபின் மிஞ்சிய திருகாணிகளை மறுப்புரையோடு இணைத்து அனுப்பக் கோருகிறோம்.