கொத்தமல்லிக் கொசுறும் தில்லியின் பெரும்பொழுதுகளும்: ஓர் ஆய்வு

எந்த மாதத்தில் எந்தக் காயை வாங்குவது என்பதில் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்குள் இன்றுவரை கருத்தொற்றுமை ஏற்படவில்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். அவர்கள் மே மாதத்து நண்பகலில் கரோல்பாக்கில் காய்கறிப் பை தூக்கி நடந்தவர்கள் அல்லர் என்பது இதனால் பெறப்படும். மதர் டெய்ரியின் சஃபல் கடையும் நம்பத்தகுந்த சான்றன்று. உறைய வைத்த பட்டாணிக்கு ஏது பருவம்?

எனவே புதியதோர் அளவுகோல் தேவைப்படுகிறது. இக்கட்டுரை நிறுவ முயலும் கொள்கை இது: தள்ளுவண்டிக்காரர் காயோடு காசு வாங்காமல் போடும் கொத்தமல்லி எவ்வளவோ, அதுவே பருவம்.

இதற்குத் தாவரவியல் துணை நிற்கிறது. கொத்தமல்லி குளிர்விரும்பி. வெயில் ஏறினால் இலையை விட்டுவிட்டுப் பூவுக்கும் விதைக்கும் போய்விடும். மழை பிடித்தால் அழுகும். ஆகவே அது வண்டியில் குவிந்து கிடக்கும் காலமும், பட்டாணி, காலிஃப்ளவர், முள்ளங்கி, வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, பதுவா எல்லாம் மலிந்து கிடக்கும் காலமும் ஒன்றே.

கொசுறின் நிலைகள் மூன்று. முதலாவது முழுப்பிடி நிலை. டிசம்பரிலும் ஜனவரியிலும் காணப்படுவது. கேட்க வேண்டியதே இல்லை; கொத்தமல்லி தானாக வந்து விழும், மேலே நாலைந்து பச்சை மிளகாயும் விழும். இந்நாட்களில் கோடைக்காயான டிண்டாவை வாங்குபவரைச் சான்றோர் அவையில் சேர்க்க முடியாது. தில்லியின் சிவப்புக் கேரட் வருவதும் இப்போதுதான். அந்தச் சிவப்பு தக்காளியில் உள்ள அதே லைக்கோபீனால் வருவது. அதைச் சாம்பாரில் போடலாமா என்பதில் இரு பள்ளிகள் உள்ளன. அல்வாவுக்கு மட்டுமே உரியது, சாம்பாரில் போட்டால் குழம்பு கல்யாண வீட்டு ரஸ்னாவாகிவிடும் என்பது கரோல்பாக் மாமிகளின் துணிபு. மயூர் விஹார் தரப்பு, போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறது. இவ்வாய்வாளர் இரண்டாம் தரப்பில் சாப்பிடுகிறார், முதல் தரப்பில் பேசுகிறார்.

இரண்டாவது கெஞ்சல் நிலை. மார்ச், ஏப்ரல். "பய்யா, தோடா தனியா" என்றால் நாலு தண்டு கிடைக்கும். இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மூன்றாவது முகந்திருப்பு நிலை. மே கடைசியில் தொடங்கி, மழை ஓயும் செப்டம்பர் வரை. சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் பர்வலையும் நிறுப்பதில் வியாபாரி திடீரென்று பொற்கொல்லரின் கவனத்தை அடைவார். கேட்டால் "மேடம், தனியா பஹுத் மெஹங்கா ஹை" என்பார். தையில் 'ஆன்ட்டி'யாக இருந்தவர் ஆடியில் 'மேடம்' ஆகிவிடுவதைக் கவனிக்க. மரியாதையும் கொத்தமல்லியும் எதிர்விகிதத்தில் இயங்குகின்றன.

இனி மறுப்புகள். வெங்காயவாதிகள் 1998ஐக் காட்டுவார்கள். ரபி வெங்காயத்தைச் சேமித்து வைத்துத்தான் மழைக்காலம் முழுவதும் ஓட்ட வேண்டும்; அது தீர்வதற்கும் கரீஃப் வெங்காயம் வருவதற்கும் நடுவில் இடறினால் விலை பறக்கும். அவ்வாண்டு பறந்தது. அக்டோபரில் தில்லி முதல்வர் சாஹிப் சிங் வர்மா போய் சுஷ்மா ஸ்வராஜ் வந்தார். நவம்பர் தேர்தலில் ஆட்சியே போய் ஷீலா தீட்சித் வந்தார். ஆயினும் வெங்காயம் எக்காலத்திலும் கொசுறாக வந்ததில்லை. ஆகவே அது அரசியல்; பருவம் அன்று.

ஆசாத்பூர் மண்டியைப் பற்றி ஏன் பேசவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். 1977 முதல் இயங்கும் அந்த மாபெரும் மொத்தச் சந்தையில் மூட்டைக் கணக்கில் விற்கிறார்கள். மூட்டைக்கு யாரும் கொசுறு போடுவதில்லை. எனவே ஆய்வுக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் அவ்வாறே: முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் தெற்கிலிருந்து எந்த மாதமும் வந்திறங்கும் இடத்தில் பருவத்தைத் தேடுவது வீண்.

பழவாதிகளின் வாதம் சற்று வலுவானது. ஜூனில் ஃபால்சா, ஜூலையில் புதுதில்லிச் சாலையோர மரங்களின் நாவல், இலையுதிர் காலத்தில் சிங்காடா என்று பழங்களாலேயே பஞ்சாங்கம் எழுதிவிடலாம் என்கிறார்கள். மாம்பழம் என்றதும் இவ்வாய்வாளர் தளர்ந்துபோவதும் உண்மை. பிகாரிலிருந்து 1936இல் தில்லிக்கு வந்த பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம், வடக்கத்தி தஷேரியையும் நம்மூர் நீலத்தையும் கூட்டி ஆம்ரபாலியைத் தந்தது. தில்லியில் வடக்கும் தெற்கும் சண்டையின்றிச் சேர்ந்த சம்பந்தங்களில் இதைவிட இனிப்பானது வேறில்லை. ஆனால் மாம்பழத்தோடும் கொத்தமல்லி தரப்படுவதில்லை. நெறிமுறை நெறிமுறைதான்.

கொள்கைக்கு உண்மையான ஆபத்து மே 2024இல் வந்தது. கொத்தமல்லிக்கும் காசா என்று மும்பையில் ஒரு தாயார் அதிர்ந்துபோன செய்தி இணையத்தில் பரவ, பிளிங்கிட் செயலி காய்களோடு கொத்தமல்லியை இலவசமாகச் சேர்த்தது. அதுவும் மே மாதத்தில், முகந்திருப்பு நிலையின் வாசலில்! இயற்கைக்கு மாறான இச்செயலால் கொள்கை வீழ்ந்துவிடாது. செயலியின் கொத்தமல்லிக்குக் கை கிடையாது. தையில் கை தாராளமாவதும் ஆடியில் சுருங்குவதும் அதற்குத் தெரியாது.

களப்பணி செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. செவ்வாய்க்கிழமை மங்கள் பஜாரில் இரவு கடை கட்டும் நேரத்துக் கொசுறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்போது ஜூலையில்கூட முழுப்பிடி போடுவார்கள். பாதி வாடியிருக்கும், மீதி சேறாக இருக்கும்.